ஒக்கி ஓய்ந்தது, தவணை ஓயவில்லை

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 30ஆம் நாள் திருத்தூதர் அந்திரேயாவின் விழாவை நாம் கொண்டாடுகிறோம். வலையை விட்டுவிட்டு ஆண்டவரைப் பின்சென்ற மீனவர் அவர். 2017ஆம் ஆண்டு அதே நாளில்தான் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. அதற்கு முன், 2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் புகுந்து, மாவட்டத்தில் ஏறக்குறைய எண்ணூறு பேரைக் கொண்டுபோனது. இந்த இரண்டு நாள்களிலும் நம் கடற்கரைப் பங்குகளில் நினைவுத் திருப்பலி நடக்கிறது. இறந்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுகின்றன. மெழுகுதிரிகள் ஏற்றப்படுகின்றன.

அந்தப் பெயர்களோடு சேர்ந்து விட்டுச்செல்லப்பட்ட இன்னொரு பட்டியலும் உண்டு. அதை ஆலயத்தில் யாரும் வாசிப்பதில்லை. அது கடன் பட்டியல். படகுக்கு வாங்கியது, இயந்திரத்துக்கு வாங்கியது, மகளின் திருமணத்துக்காக அடகு வைத்த நகை, வாழைக்கு உரம் போடக் கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்தது, மகளிர் குழுவில் எடுத்தது. கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. அவர் வாங்கிய கடன் மட்டும் மாதந்தோறும் தவறாமல் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது.

"பேரிடர் வந்தால் வங்கிக் கடனைத் தள்ளுபடி செய்வார்களாமே, உண்மையா?" என்று பங்கு மக்கள் கேட்பதுண்டு. பெரும்பாலும் செய்வதில்லை என்பதே நேர்மையான பதில். இதில் நாம் மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்கிறோம். தள்ளுபடி என்றால் கடன் ஒழிந்தது. ஒத்திவைப்பு என்றால் தவணை கட்ட வேண்டிய நாள் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். மறுசீரமைப்பு என்றால் பழைய கடனையே மாற்றி எழுதி, அதிகக் காலத்துக்குப் பிரித்துத் தருவது. பேரிடர்க் காலத்துக்கென ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் காட்டிவந்த வழி பின்னைய இரண்டும்தான். முதலாவது நடக்க வேண்டுமானால், பெரும்பாலும் அரசு தன் கருவூலத்தைத் திறக்க வேண்டும்.

ஒத்திவைப்பு என்ற சொல்லின் கனத்தை நாடு முழுவதும் உணர்ந்தது கொரோனா காலத்தில். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதங்களுக்குத் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள். மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்த ஆறு மாதமும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, வட்டிக்கும் வட்டி சேர்ந்தது என்பது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 மார்ச் 23 அன்று நீதிமன்றம் அந்தக் காலத்துக்கு வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது என்றது. ஆனால் வட்டியையே முழுவதும் தள்ளுபடி செய்ய முடியாது என்றும் சொல்லிவிட்டது. வங்கி நமக்குத் தருவது காலம். அந்தக் காலத்துக்கும் விலை உண்டு.

இனி, புயல் வெள்ளக் காலத்து விதிகளைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். 2018 அக்டோபரில் ரிசர்வ் வங்கி இவற்றை ஒரே தொகுப்பாக வெளியிட்டது. பேரிடர் நேர்ந்தவுடன் மாநில, மாவட்ட அளவிலான வங்கியாளர் கூட்டம் கூட்டப்பட வேண்டும். பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் கடனை மறுசீரமைக்கலாம். சேதம் 33 முதல் 50 சதவீதம் வரை என்றால் இரண்டு ஆண்டு வரையும், அதற்கு மேல் என்றால் ஐந்து ஆண்டு வரையும் காலம் தரலாம். அதில் ஓராண்டாவது ஒன்றும் கட்ட வேண்டாத காலமாக இருக்க வேண்டும். தவறிய தவணைக்கு அபராத வட்டி கூடாது. இந்த வேலைகளைப் பேரிடர் நடந்த மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். சான்றுகள் வெள்ளத்தில் போனவர்களுக்குப் புதிய கணக்குத் தொடங்கும் விதிகளிலும் தளர்வு உண்டு.

படிக்கும்போது மனம் நிறைகிறது. நல்ல விதிகள்தாம், இரக்கமுள்ள விதிகள்தாம். ஆனால் இவற்றோடு ஒரு சிறு நிபந்தனையும் சேர்ந்து வந்தது. பேரிடர் நிகழ்ந்த நேரத்தில் ஏற்கெனவே தவணை தவறியிருந்த குறுகியகாலக் கடனுக்கு இந்தச் சலுகை இல்லை. அதாவது, புயலுக்கு முன் நன்றாக இருந்தவனுக்கே புயல் நிவாரணம். முந்தைய பருவத்தில் விலை சரிந்து தவணை தவறிய ஏழை விவசாயி, புயலால் இரண்டாம் முறை அடிபடும்போது சலுகைப் பட்டியலில் இருக்க மாட்டான். உள்ளவருக்கே மேலும் கொடுக்கப்படும் என்ற ஆண்டவரின் உவமையை வங்கியாளர்கள் இப்படிப் பொருள்கொண்டுவிட்டார்களோ என்று சில நேரம் தோன்றும்.

ஒக்கிக்குப் பின் நம் மேற்கு வட்டங்களில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். ஒரே இரவில் ஏத்தன் வாழைத் தோட்டங்கள் தரையில் படுத்தன. ரப்பர் மரங்கள் இடுப்பொடிந்து விழுந்தன. ஏத்தனாவது அடுத்த ஆண்டே மறுபடி குலை தள்ளிவிடும். ரப்பர் அப்படியல்ல. கன்று நட்டு முதல் பால் வெட்ட ஆறேழு ஆண்டுகள் ஆகும். நீண்டகாலக் கடனுக்கும் பொதுவாக ஐந்து ஆண்டுக்கு மேற்படாத காலமே விதியில் சொல்லப்பட்டது. மரம் பால் தரும் முன்பே கடன் கேட்டு வந்துவிடுகிறது! இந்த எளிய கணக்கைக் குமரி மாவட்டத்தின் எந்தச் சிறு தோட்டக்காரரும் சொல்லிக்கொடுத்திருப்பார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய இடைவெளி பாட்டத்துக்கு நிலம் எடுத்தவர்களுடையது. நம் பகுதியில் வாழை போடுபவர்களில் பலருக்கு நிலம் சொந்தமில்லை. வாய்ப்பேச்சில் பாட்டம், கையில் ஒரு தாளும் இல்லை. சேதக் கணக்கெடுக்க வரும் அலுவலர் பட்டா கேட்கிறார். பட்டா உரிமையாளரிடம் இருக்கிறது. பாட்டக்காரர் முதலீட்டுக்குப் பணம் புரட்டியது மனைவியின் நகையை வைத்து. வங்கிப் புத்தகத்தில் அது நகைக் கடன். புயலுக்கும் அந்த நகைக்கும் என்ன தொடர்பு என்று வங்கிக் கணினிக்குத் தெரியாது. உரிய நாளில் மீட்காவிட்டால் ஏல அறிவிப்பு வரும்.

நிலத்தின் கதையே இப்படியென்றால் கடலின் கதை என்ன? மேலே சொன்ன விதிகள் அனைத்தும் நிலத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. சதவீதக் கணக்கில் சேதம், சாகுபடிப் பருவம், வருவாய்க் கிராமம் என்று ஒவ்வொரு சொல்லும் வயலில் முளைத்தது. கடலில் 33 சதவீதச் சேதத்தை எப்படி அளப்பது? எந்தக் கிராம நிர்வாக அலுவலர் அரபிக் கடலில் போய்ச் சான்று எழுதுவார்? வள்ளம் கரையில் இருந்தது, கூரை பறந்தது என்றால் கணக்கில் வரும். நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் கரையிலிருந்து பல நாள் தொலைவில் தொழில் செய்பவர்கள். அவர்களின் படகு கவிழ்ந்தது எங்கே என்று கூட அந்த டிசம்பரில் யாராலும் சொல்ல முடியவில்லை. காணாமற்போனவர்களைத் தேடுங்கள் என்று கேட்டு, 2017 டிசம்பர் 7 அன்று நம் மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார வேண்டியிருந்தது. உயிரைத் தேடுவதற்கே போராட்டம் தேவைப்பட்ட நாள்களில் கடனைப் பற்றி யார் பேசுவார்?

அப்போது நடப்பில் இருந்த மத்திய அரசின் பேரிடர் நிவாரண அளவுகோலில் முழுவதும் சேதமான படகுக்கு மாற்றுத் தொகை 9,600 ரூபாய். முழுவதும் சேதமான வலைக்கு 2,600 ரூபாய். தூத்தூர்க் கரையின் ஆழ்கடல் படகு ஒன்று பல லட்சங்கள் பெறும். மாநில அரசு தனியாகச் சேர்த்துக் கொடுத்தது உண்மை. என்றாலும் அந்த அளவுகோலை எழுதியவர்கள் மனத்தில் இருந்த படகு எது என்று நாம் இன்றும் வியக்கிறோம்.

மீனவர் ஏன் வங்கிக்குப் போகாமல் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார் என்று படித்தவர்கள் கேட்பார்கள். சிக்கனம் தெரியாதவர்கள், குடிப்பவர்கள் என்று நம் உள்நாட்டுப் பங்குகளிலேயே பேசுவதைக் கேட்டிருக்கிறோம். அப்படிப் பேசுகிறவர் மாதச் சம்பளக்காரராக இருப்பார். வங்கித் தவணை மாதத்தின் ஐந்தாம் நாள் வரும். மீன்பாடு அப்படி வருமா? மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. குளச்சலும் தேங்காப்பட்டணமும் ஒரு கணக்கில், சின்னமுட்டம் இன்னொரு கணக்கில். அரசே தொழிலுக்குப் போகாதே என்று சொல்லும் அந்த நாள்களிலும் ஐந்தாம் தேதி வருகிறது. புயல் எச்சரிக்கை நாள்களிலும் வருகிறது. வியாபாரி அப்படியில்லை. பாடு இல்லாத நாளில் அவர் கேட்பதில்லை. பாடு உள்ள நாளில் தன் தரகையும் எடுத்துக்கொண்டு, மீனுக்குக் குறைந்த விலையும் வைக்கிறார். இதில் சுரண்டல் இருக்கிறது, மறுக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் முதல் தீராத கடன் அது. ஆனால் கடலின் ஏற்ற இறக்கத்தை அந்த வியாபாரி அறிந்திருக்கிறார், வங்கி அறியவில்லை. இதுதான் நாம் இங்கே முக்கியமாகச் சொல்ல விரும்புவது. பேரிடர் வந்த பிறகு சலுகை தேடுவதைவிட, கடன் கொடுக்கும்போதே அதைக் கடலின் கணக்குக்கு ஏற்ப அமைத்தால் பாதித் துயரம் எழாது.

இது நடக்காத கனவா? நம் மறைமாவட்டத்திலேயே நடந்திருக்கிறது. கோட்டாறு சமூக சேவை சங்கத்தின் முயற்சியால் முட்டம் முதலான ஊர்களில் மீனவர் சங்கங்கள் தோன்றின. திருவனந்தபுரம் கரையில் மரியநாட்டில் தொடங்கிய அனுபவமும் சேர்ந்து, 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. அந்த முறை எளிமையானது. மீனைச் சங்கமே ஏலம் விடும். விற்ற தொகையில் ஒரு பங்கு கடனுக்கு, ஒரு சிறு பங்கு சேமிப்புக்கு, இன்னொரு சிறு பங்கு சங்கச் செலவுக்கு. பாடு நிறைந்தால் கடன் விரைந்து குறையும். பாடு இல்லையென்றால் அன்று கழிப்பதற்கு ஒன்றுமில்லை, தவணை தவறியவன் என்ற பெயரும் இல்லை. நம் முன்னோருக்கு இது புதிதும் அல்ல. மீன்பாட்டில் ஒரு பங்கை ஆலயத்துக்கு எடுக்கும் வழக்கம் நம் கடற்கரைப் பங்குகளில் நெடுநாள் இருந்தது. அதில் குறைகள் இருந்தன, கசப்புகளும் இருந்தன. ஆனாலும் பாடு இல்லாத நாளில் ஆலயம் பங்கு கேட்டதில்லை. இந்த ஞானத்தை வங்கி மேலாளர்களுக்கு எடுத்துச் சொல்ல நாம் ஏன் தயங்கினோம்?

2019 முதல் மீனவர்களுக்கும் கிசான் கடன் அட்டை வழங்கப்படுகிறது. வட்டிச் சலுகையுள்ள கடனின் உச்சவரம்பு 2025-26 மத்திய வரவு செலவுத் திட்டத்தில் 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. வரவேற்போம். பெயரைக் கவனியுங்கள்: கிசான், அதாவது விவசாயி. கடலுக்கு வந்தாலும் விதி வயல் வழியாகத்தான் வருகிறது.

காணாமற்போனவர்களின் குடும்பங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டு செய்தி இல்லாதிருந்தால்தான் அவர் இறந்ததாகச் சட்டம் கருதும். பழைய சான்றுச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்வது இதுவே. ஒக்கியில் திரும்பாத பலரின் உடல் கிடைக்கவே இல்லை. உடல் இல்லை, இறப்புச் சான்று இல்லை. சான்று இல்லாமல் காப்பீடு இல்லை, கணக்கை முடிக்க வழியில்லை. மாநில அரசு இறந்தோர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் அறிவித்தது பெரிய ஆறுதல். ஆனால் அந்தப் பணத்தின் வாசனை பிடித்து வாசலில் வந்து நின்றவர்களையும் நாம் பார்த்தோம். துக்கம் கேட்க வந்தவர் யார், கடன் கேட்க வந்தவர் யார் என்று தெரியாமல் விதவைப் பெண் விழித்தாள். காணாமற்போனவரை 'இல்லை' என்று எழுதிக்கொடுத்தால்தான் உதவி கிடைக்கும் என்றபோது, கையெழுத்திட மறுத்து, "அவர் வருவார்" என்று சொன்ன மனைவியரும் நம் பங்குகளில் இருந்தார்கள். அவர்களுக்கு எந்த விதியும் எழுதப்படவில்லை.

இதே காட்சியை 2024இல் அண்டை மாநிலத்தில் கண்டோம். ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் புதைந்தன. உயிர் பிழைத்து முகாமில் இருந்தவர்களுக்குக் கேரள அரசு அவசர உதவியாகத் தலா 10,000 ரூபாயை வங்கிக் கணக்கில் போட்டது. ஆகஸ்ட் மாதம் அந்தப் பணம் வந்த கையோடு, ஒரு வங்கியின் கணினி பழைய தவணையைச் சிலர் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டது! மக்கள் கொதித்தெழுந்த பிறகே திருப்பிக் கொடுத்தார்கள். கெட்ட எண்ணத்தோடு யாரும் செய்ததாகத் தெரியவில்லை. யாரும் எதுவும் செய்யாமலேயே நடந்தது என்பதுதான் இதில் அச்சமூட்டுவது. அதே மாதம் கேரள வங்கி, தன் சூரல்மலைக் கிளையில் கடன் பெற்று இறந்தவர்கள், வீடிழந்தவர்களின் கடனைத் தானே தள்ளுபடி செய்தது. ஆக, மனம் இருந்தால் ஒரு வங்கிக்கு அது முடியாத செயல் அல்ல என்பதும் தெரிந்தது.

அதற்குப் பின் நடந்ததை நம் மக்கள் அறிந்திருப்பது நல்லது. ஆழிப்பேரலைக்குப் பின் உருவானது 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். நம் கரையில் விழுந்த பிணங்களும் அதற்குக் காரணம் என்று சொன்னால் மிகையில்லை. அதன் 13ஆம் பிரிவு, மிகக் கடுமையான பேரிடரில் கடனைத் திருப்பிச் செலுத்துவதில் நிவாரணம் அளிக்கும்படி தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பரிந்துரைக்கலாம் என்றது. வயநாட்டு மக்களுக்காகக் கேரள உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டிக் கேள்வி கேட்டது. இதற்கிடையில் 2025இல் வந்த திருத்தச் சட்டம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. நடைமுறைக்கு வந்தது ஏப்ரல் 9. பிரிவு இல்லை, ஆகவே அதிகாரமும் இல்லை என்று மத்திய அரசு நீதிமன்றத்தில் சொன்னது. 2025 அக்டோபர் 8 அன்று உயர் நீதிமன்றம் அந்த நிலைப்பாட்டைக் கடுமையாகக் கண்டித்து, பாதிக்கப்பட்டோரிடம் கடன் வசூலிக்கும் நடவடிக்கைகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஒரு மலைச்சரிவின் வழக்கு என்று நாம் இதை ஒதுக்கிவிடக் கூடாது. நீக்கப்பட்ட அந்தப் பிரிவு நமக்கும் உரியதாக இருந்தது. அடுத்த ஒக்கி வரும்போது நம் ஆயர்களும் மக்களும் காட்டிக் கேட்பதற்கு அந்த வரி இனி இல்லை. அது நீக்கப்பட்டபோது கடற்கரையில் ஒரு குரலும் எழவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறோம்.

தமிழ்நாட்டில் தள்ளுபடியே நடந்ததில்லையா? நடந்திருக்கிறது. நிவர், புரெவி புயல்களையும் 2021 ஜனவரி மழையையும் காரணம் காட்டி, 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. தேர்தல் ஆண்டு என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. இருக்கட்டும். அது கூட்டுறவில் பெற்ற பயிர்க்கடனுக்கு மட்டுமே. தேசிய வங்கியில் கடன் பெற்ற விவசாயிக்கு இல்லை, நகையை வைத்த பாட்டக்காரருக்கு இல்லை, படகுக்கடன் பெற்றவருக்கும் இல்லை. நீரோடியை அடுத்த பொழியூரைப் பாருங்கள். ஒரே கடல், ஒரே சாதிசனம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு. எல்லைக்கு அப்பால் இருப்பதால் அவர்களுக்கு, கேரளம் 2008இல் சட்டமியற்றி அமைத்த மீனவர் கடன் நிவாரண ஆணையம் இருக்கிறது. கடன்பட்ட மீனவர் அங்கே விண்ணப்பித்துக் கேட்கலாம். நம் பக்கத்து மீனவருக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. மீனவர் நாள் விழாவில் அமைச்சர்களுக்குப் பொன்னாடை போர்த்தும்போது இதை ஏன் கேட்கக் கூடாது?

எல்லாக் கடனையும் ஒழித்துவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வங்கியில் இருப்பது நம் மக்களின் சேமிப்பும்தான். வெளிநாட்டில் வெயிலில் உழைத்து அனுப்பிய பணம், ஓய்வுபெற்ற ஆசிரியரின் வைப்பு. ஒழுங்காகக் கட்டியவர் ஏமாந்தவராகவும், கட்டாதவர் கெட்டிக்காரராகவும் ஆகிவிடும் தள்ளுபடிகளையும் கண்டிருக்கிறோம். ஆனால் இறந்தவரின் கடன், தொழிற்கருவியையே இழந்தவரின் கடன் ஆகிய இரண்டும் வேறு வகை. அவற்றை மற்றக் கடன்களோடு ஒரே தராசில் வைப்பது நீதியாகாது.

திருவிவிலியம் இந்த வேறுபாட்டை அறிந்திருக்கிறது. மாவரைக்கும் கல்லை அடகாக வாங்காதே என்கிறது இணைச்சட்ட நூல் (24:6). ஏனென்றால் அந்தக் கல்லில்தான் வீட்டின் உயிர் இருக்கிறது. கடன் கொடுப்பதை அது தடுக்கவில்லை, அடகு வாங்குவதையும் முற்றாகத் தடுக்கவில்லை. பிழைக்கும் கருவியை மட்டும் தொடாதே என்கிறது. நம் நாட்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. கைவினைஞரின் கருவிகளும் உழவரின் ஏர் முதலியவையும் ஜப்திக்கு உட்படாதவை. படகும் வலையும் பெயர் சொல்லி அதில் இல்லை.

நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரத்தை இந்நாள்களில் குடும்பமாக வாசித்துப் பாருங்கள். பஞ்ச காலத்தில் தானியத்துக்காக வயலையும் வீட்டையும் அடகு வைத்த மக்கள் கூக்குரலிடுகிறார்கள். ஆளுநரான நெகேமியா தலைவர்களைக் கூட்டிக் கண்டிக்கிறார். கண்டித்தவர், தானும் தன் உறவினரும் கூடக் கடன் கொடுத்திருப்பதை அதே கூட்டத்தில் ஒத்துக்கொள்கிறார். வயல்களையும் வாங்கிய வட்டியையும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். அடுத்த பருவத்துக்கு ஒத்திவைக்கவில்லை.

அந்த ஒத்துக்கொள்ளுதல் நமக்கும் வேண்டும். நம் ஆலயத்தில் முன்வரிசையில் அமர்ந்து நற்கருணை வாங்குபவர்களில் கந்துவட்டிக்குக் கொடுப்பவர்கள் இல்லையா? அன்பியக் கூட்டத்தில் செபம் முடிந்த கையோடு தவணைப் பணம் எண்ணுவதைப் பார்த்ததில்லையா? ஒக்கிக்கு அடுத்த ஆண்டும் திருவிழா வரியைக் குறைக்காத பங்குகள் இல்லையா? வரி பாக்கி என்று சொல்லித் திருமண ஓலைக்கு அலைக்கழித்த கதைகளும் நம் காதுக்கு வந்தன. 2025 யூபிலி ஆண்டில் ஏழை நாடுகளின் கடனை மன்னிக்கும்படி செல்வ நாடுகளைத் திருத்தந்தை பிரான்சிஸ் வேண்டினார். நாமும் கைதட்டினோம். நம் பங்குச் சங்கக் கணக்கேட்டை யாராவது திறந்து பார்த்தோமா?

இனி நடைமுறைக்கு வருவோம். புயலோ வெள்ளமோ வந்தால் பங்குத்தந்தையும் பேரவையும் முதலில் சோற்றுக்கும் பாய்க்கும் ஓடுகிறார்கள். அது முறைதான். ஆனால் மூன்று மாதக் கெடு அன்றே ஓடத் தொடங்கிவிடுகிறது. கஞ்சித்தொட்டி மூடும் நேரத்தில் வங்கியின் கதவும் மூடியிருக்கும். ஆகவே முதல் வாரத்திலேயே பங்கு மன்றத்தில் ஒரு மேசை போட வேண்டும். வங்கி வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் நம் பங்குகளில் தாராளமாக இருக்கிறார்கள், இரண்டு பேர் போதும். யாருக்கு எந்தக் கிளையில் என்ன கடன், தவணை தவறியிருக்கிறதா, நகை அடகில் இருக்கிறதா, படகு யார் பெயரில் என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். அதை மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்ட முன்னோடி வங்கி அலுவலகத்துக்கும் கொடுத்து, வங்கியாளர் கூட்டம் கூட்டப்பட்டதா, அதில் மீனவர் கடன் பேசப்பட்டதா என்று கேட்க வேண்டும். நிவாரணப் பணம் வரும் கணக்கிலிருந்து தவணை எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மறுசீரமைப்புத் தாளில் கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகள்: மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டிவரும்? ஒன்றும் கட்ட வேண்டாத காலம் எத்தனை மாதம்? அந்த மாதங்களுக்கு வட்டி எப்படிச் சேரும்? வங்கி முப்பது நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு இளைஞர் இயக்கத்தினர் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கட்டும். தமிழிலேயே எழுதலாம், வங்கி வாங்கித்தான் ஆக வேண்டும். இரண்டு படி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் கிளையின் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கி வாருங்கள். அந்தத் தாளை வீட்டில் வைக்க வேண்டாம். கூரை போன வீடுகளில் தாள் தங்குவதில்லை. பங்கு அலுவலகத்து இரும்புப் பெட்டியில், திருமுழுக்குப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம் இருக்கட்டும்.